துளியின் ஓரம் எங்கே? கணினிக்குள் நுண்துளி வார்த்துப் பரப்பு இழுவிசை அளக்க ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மார்கழிக் காலையில் மேலே வந்து சேர்ந்தவர்களிடம் பனிமூட்டம் எந்த வளைவில் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பதினொன்று என்பார் ஒருவர், பதினான்கு என்பார் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர். முன்னவர் முகப்பு விளக்கைப் போட்ட இடத்தைச் சொல்கிறார். பின்னவர் பள்ளத்தாக்கு கண்ணுக்கு மறைந்த இடத்தைச் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. மூட்டத்துக்குக் கோடு போட்டாற்போல ஓர் ஓரம் கிடையாது.

சில ஆயிரம் மூலக்கூறுகள் மட்டுமே உள்ள திரவத் துளிக்கும் ஓரம் கிடையாது. அதன் பரப்பு இழுவிசையைக் கணினியில் அளக்கப் புறப்படும் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிரல் எழுதுவதிலோ கணினியின் வேகத்திலோ வரும் தொல்லைகளை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். எந்த ஆரத்தை வைத்துக் கணக்குப் போட்டோம் என்று தெரியாமல் வந்த எண்ணைச் சரிசெய்யவே முடியாது. இயற்பியலோ வேதியியலோ இளநிலை வரை படித்து, லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். வளைந்த பரப்புக்கு உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும். இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் அந்தக் கூடுதல் கிடைக்கும். 1805-இல் யங்கும் 1806-இல் லாப்லாஸும் தந்த விதி இது. ஏற்காட்டு மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளி ஒன்றின் ஆரம் 10 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கூடுதல் அழுத்தம் 0.14 வளிமண்டலம்தான். அதே நீர் 5 நானோமீட்டர் ஆரத்துக்குச் சுருங்கினால் 280 வளிமண்டலத்தைத் தாண்டிவிடும். முதல் துளியில் ஏறக்குறைய 140 லட்சம் கோடி மூலக்கூறுகள். எந்தக் கணினியிலும் அடங்காது. இரண்டாவதில் பதினேழாயிரத்துச் சொச்சம். மேசைக் கணினியே தாங்கும். ஆனால் அவ்வளவு சிறிய துளியிலும் இழுவிசை மாறாமல் இருக்குமா? 1949-இல் டால்மன் இதற்கு ஒரு வாய்பாடு தந்தார். ஒரு சிறு நீளத்தை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் வரும் பின்னம் அளவுக்கு இழுவிசை மாறும் என்பது அதன் சாரம். அந்த நீளத்துக்கு டால்மன் நீளம் என்று பெயர். அது நேர்க்குறியா எதிர்க்குறியா என்பதே பல பத்தாண்டுச் சண்டையாக இருந்தது.

எந்தத் திரவத்தில் தொடங்குவது

நீரில் தொடங்காதீர்கள். நீர் மூலக்கூறின் மின்னூட்டங்கள் தொலைவு வரை கைநீட்டும். அதைக் கணக்கிடும் நுட்பங்களைக் கற்பதிலேயே ஆறு மாதம் போய்விடும். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வெள்ளித் துணுக்கு நெருப்பு பட்டு உருகும் கணத்தில் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு குண்டுமணியாவதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளியை வைத்துச் செய்ய ஆசை வரும். உருகிய வெள்ளியின் இழுவிசை நீரைப்போலப் பத்து மடங்குக்கு மேல், பார்க்க அழகுதான். ஆனால் உலோக அணுக்களை இரண்டிரண்டாக எடுத்துக் கணக்கிட்டால் போதாது. அதுவும் பிறகு.

ஆர்கானைப் போன்ற எளிய அணுக்களுக்கான லெனார்டு-ஜோன்ஸ் விசையில் தொடங்குங்கள். இரண்டு அணுக்கள் நெருங்கினால் தள்ளும், சற்று விலகினால் இழுக்கும், இன்னும் விலகினால் ஒன்றையொன்று மறந்துவிடும். ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை இந்த விசையின்படி கணினியில் ஓடவிட்டுத் திரவத்தின் அசைவை அளந்தார். மூலக்கூறு இயக்கவியல் என்ற துறைக்கே அடித்தளமிட்ட வேலைகளில் அது ஒன்று. இன்று உங்கள் மடிக்கணினி அதைச் சாயங்காலக் காபிக்குள் முடித்துவிடும்.

இந்த விசையில் நீளத்தின் அலகு சிக்மா, ஆற்றலின் அலகு எப்சிலான். ஆர்கானுக்கு ஒரு சிக்மா என்பது 0.34 நானோமீட்டர், ஓர் எப்சிலான் என்பது ஏறத்தாழ 120 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம். எல்லாவற்றையும் இந்த அலகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வெப்பநிலை 0.7 என்று எழுதினால் ஆர்கானுக்கு 84 கெல்வின் என்று பொருள். இழுவிசையின் அலகு மீட்டருக்கு 14.3 மில்லிநியூட்டன்.

மென்பொருளுக்கு லாம்ப்ஸ் (LAMMPS) போதும். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இந்தச் சிக்மா, எப்சிலான் அலகுகளிலேயே ஓட்டும் வசதி அதில் உண்டு.

விசையை 2.5 சிக்மாவில் வெட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் அணுக்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. வேகத்துக்காகச் செய்யும் சிறு சமரசம் இது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வெட்டினால் திரவமே வேறாகிவிடுகிறது. 0.7 வெப்பநிலையில் வெட்டிய திரவத்தின் இழுவிசை 0.58 அளவில் இருக்கும். வெட்டாத திரவத்துக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. ஒருவருடைய 2.5 சிக்மா முடிவை இன்னொருவருடைய 5 சிக்மா முடிவோடு ஒப்பிட்டுவிட்டு, துளியின் வளைவுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று எழுதிய திட்ட அறிக்கையை நானே திருத்தியிருக்கிறேன். வால் திருத்தம் என்ற ஒரு தெரிவும் மென்பொருளில் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். எங்கும் ஒரே அடர்த்தியாக உள்ள திரவத்துக்கு உண்டான திருத்தம் அது. நம் பெட்டியில் பாதிக்கு மேல் வெறும் ஆவி.

தட்டைப் படலத்தைத் தாண்டாமல் துளிக்குப் போகாதீர்கள்

எல்லாரும் தாவ நினைப்பது இந்தப் படியைத்தான். இங்கேதான் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

15-க்கு 15 குறுக்களவும் 60 நீளமும் உள்ள பெட்டி எடுங்கள். நடுவில் 20 சிக்மா தடிமனுக்குத் திரவப் பாளம், இரு பக்கமும் வெற்றிடம். அணுக்கள் ஏறக்குறைய 3,600. எல்லைகள் சுழல் எல்லைகளாக இருக்கட்டும். வலது சுவர் வழியே வெளியேறும் அணு இடது சுவர் வழியே உள்ளே வரும். கால அடி, அதாவது ஒரு கணக்கீட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேரம், 0.005. சமநிலைக்கு இரண்டு லட்சம் அடிகளும் அளவீட்டுக்கு இருபது லட்சம் அடிகளும் ஓட்டுங்கள். சிறிது நேரத்தில் சில அணுக்கள் கிளம்பிப் போய் வெற்றிடத்தை ஆவியால் நிரப்பும். திரவத்தின் அடர்த்தி 0.79-ஐ ஒட்டியும் ஆவியின் அடர்த்தி 0.008-ஐ ஒட்டியும் நிற்க வேண்டும்.

பரப்புக்குச் செங்குத்தான திசையில் உள்ள அழுத்தத்திலிருந்து, பரப்போடு படுத்திருக்கும் இரு திசைகளின் அழுத்தச் சராசரியைக் கழியுங்கள். பெட்டியின் நீளத்தால் பெருக்குங்கள். பிறகு இரண்டால் வகுங்கள். பாளத்துக்கு இரண்டு முகம் உண்டு என்பதால் இந்த வகுத்தல். இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 0.58 வர வேண்டிய இடத்தில் 1.17 வரும். வெட்டாத விசைக்குப் புத்தகங்களில் உள்ள மதிப்பும் ஏறக்குறைய அதுவே. இரண்டு தவறுகள் கைகோத்துக்கொண்டு உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். நானும் ஒரு மாதம் அந்தப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

0.57-க்கும் 0.60-க்கும் இடையே வராதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

துளியை வார்ப்பது

சேலத்திலிருந்து வாரக்கடைசிகளில் மலையேறி வந்து என்னிடம் இதைக் கற்றுக்கொண்ட மாணவி ஒருத்தி, ஒரு திங்கட்கிழமை காலையிலேயே தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், துளி காணாமல் போய்விட்டது."

"எத்தனை அணு வைத்தாய் அம்மா?"

"நானூறு சார். பெட்டி நாற்பது."

காரணம் அதிலேயே இருந்தது. 40 சிக்மா பெட்டியின் கன அளவு 64,000. ஆவியின் அடர்த்தி 0.008 என்றால் அந்தப் பெட்டியை ஆவியால் நிரப்பவே ஐந்நூறு அணுக்களுக்கு மேல் வேண்டும். இருந்தது நானூறு. இரவோடு இரவாக மொத்தத் துளியும் ஆவியாகிவிட்டது. போதாக்குறைக்கு, வளைந்த பரப்பிலிருந்து அணுக்கள் இன்னும் எளிதாகக் கிளம்பும். துளி சிறுக்கச் சிறுக்க அதைச் சுற்றியுள்ள ஆவி அடர்த்தியாகும். 1871-இல் கெல்வின் காட்டிய விளைவு இது. சுத்தமான ஈரக் காற்றில் மூட்டம் எளிதில் பிறக்காமல், தூசியையோ உப்பையோ பற்றிக்கொண்டு பிறப்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் பெட்டியைச் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். ஓர் அளவுக்குத்தான் முடியும். சுழல் எல்லையில் துளிக்கு எல்லாப் பக்கமும் அதன் பிம்பங்களே அண்டை வீட்டார். பெட்டி நெருக்கமானால் துளி தன் பிம்பத்தைத் தொட்டுக் குழாய் போல நீண்டுவிடும். கோளத்தின் பரப்பையும் உருளையின் பரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெட்டியின் நீளம் துளி ஆரத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் கோளமாக இருப்பது துளிக்கு லாபம். நான் மூன்றரை மடங்கு வைக்கிறேன்.

10 சிக்மா ஆரத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். துளியின் கன அளவு 4,189, 0.79-ஆல் பெருக்கினால் 3,300 அணுக்கள். பெட்டி 36. மிச்சமுள்ள இடம் 42,500. வளைவினால் ஆவியின் அடர்த்தி கால்பங்கு கூடி 0.01-ஐ நெருங்கும், ஆக ஆவிக்கு 400 அணுக்கள். மொத்தம் 3,700 அணுக்களை 10.4 சிக்மா ஆரமுள்ள கோளமாக அடுக்கிப் பெட்டி நடுவில் வையுங்கள். முதலில் படிகம் போல இருக்கும், 0.7 வெப்பநிலையில் சீக்கிரமே உருகி, வேண்டிய அணுக்களை உதிர்த்துவிட்டு 10-க்கு வந்து நிற்கும். வெப்பநிலையைப் பிடித்துவைக்க நோசே-ஹூவர் முறை போதும். சமநிலைக்குப் பத்து லட்சம் அடிகளாவது விடுங்கள். ஆவிக்கும் திரவத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் மெதுவானது.

கணினிக்குப் பல உள்ளகங்கள் (core) இருந்தால் பெட்டியை எப்படிப் பங்கு போடுகிறது என்று கவனியுங்கள். எட்டு உள்ளகங்கள் பெட்டியை மூன்று திசையிலும் இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் துளியில் சம துண்டு கிடைக்கும். மூன்று உள்ளகங்களுக்கு வரிசையாக வெட்டினால் நடுவில் இருப்பவன் தலையில் துளியின் பெரும்பகுதி விழும். மற்ற இருவரும் பெரும்பாலும் ஆவியை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: சித்திரை இடி மழைக்கு மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு லட்சம் அடிக்கும் ஒருமுறை மீள்தொடக்கக் கோப்பு எழுதச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஓரத்தைத் தேடுதல்

ஆயிரம் அடிக்கு ஒருமுறை அணுக்களின் இடங்களைச் சேமியுங்கள். துளி ஒரே இடத்தில் நிற்காது; ஆவி அணுக்கள் இடித்து இடித்து மெல்ல நகர்த்தும். இப்படிச் சேமித்த ஒவ்வொரு காட்சியிலும் துளியின் நடுவைக் கண்டுபிடித்துப் பெட்டி நடுவுக்கு இழுத்துவர வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. துளி சுவரைத் தாண்டிப் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக இருக்கும்போது இடங்களுக்குச் சாதாரணச் சராசரி எடுத்தால், நடு என்று ஆவி மண்டிய இடத்தைக் காட்டும். இரவு 11.50-க்கும் 12.10-க்கும் சராசரி எடுத்துவிட்டு நண்பகல் என்று சொல்வது போன்ற பிழை இது. பெட்டியைக் கடிகார வட்டமாக வளைத்து, ஒவ்வோர் இடத்தையும் முள்ளின் திசையாக்கி, திசைகளின் சராசரியை எடுத்து மறுபடி நீளமாக்கினால் சரியாகிவிடும். பைத்தானில் நான்கைந்து வரி.

பிறகு நடுவிலிருந்து வெங்காயம் போல அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள அணுக்களை எண்ணி, அடுக்கின் கன அளவால் வகுத்து வரைபடம் போடுங்கள். நடுவிலிருந்து 8 சிக்மா வரை 0.79-ஐ ஒட்டிச் சமதளம், அங்கிருந்து இரண்டு மூன்று சிக்மா தூரத்துக்குச் சரிவு, பிறகு 0.01-ஐ ஒட்டி நீளமான தட்டை. கொண்டை ஊசி வளைவுகளின் மூட்டம் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. ஓரம் 9-இலா, 10-இலா, 11-இலா?

கிப்ஸ் 1870-களிலேயே இதற்கு ஒரு வழி வைத்தார். கத்தியால் வெட்டியதுபோல ஒரு கற்பனைக் கோளம் வரைந்து, அதன் உள்ளே முழுத் திரவம், வெளியே முழு ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கிட்ட அணுக்களின் எண்ணிக்கை உண்மை எண்ணிக்கையோடு ஒத்துப்போகும் ஆரம் எதுவோ அதுவே சமமோலார் ஆரம். மொத்த அணுக்களிலிருந்து, பெட்டி முழுவதும் ஆவியாக இருந்தால் எத்தனை இருக்குமோ அதைக் கழித்து, இரு அடர்த்திகளின் வித்தியாசத்தால் வகுத்தால் கோளத்தின் கன அளவு கிடைக்கும், அதிலிருந்து ஆரம். எண்ணிக்கையை மட்டும் நம்பி வரும் ஆரம் என்பதால் இதில் பிழை குறைவு.

ஆனால் யங்-லாப்லாஸ் விதி அப்படியே செல்லுபடியாகும் ஆரம் வேறொன்று; இழுவிசைப் பரப்பின் ஆரம் என்று அதைச் சொல்வார்கள். துளி பெரிதாகப் பெரிதாகச் சமமோலார் ஆரத்திலிருந்து இதைக் கழித்தால் எஞ்சும் வித்தியாசமே டால்மன் நீளம். அணுவின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இந்த வித்தியாசம். சண்டை முழுக்க அந்தப் பத்தில் ஒரு பங்குக்காகத்தான் நடந்தது.

அழுத்தம்

இழுவிசைப் பரப்பைப் பிடிக்க, அடுக்குக்கு அடுக்கு அழுத்தம் வேண்டும். 1950-இல் இர்விங்கும் கிர்க்வுட்டும் தந்த வழியில், இரண்டு அணுக்களைச் சேர்க்கும் கோடு எந்தெந்த அடுக்குகளை ஊடுருவுகிறதோ அந்தந்த அடுக்குகளுக்கு அவற்றின் விசையைப் பங்கிட்டுத் தருகிறோம். கோள அடுக்குகளுக்கு இதைச் செய்யும் கட்டளை லாம்ப்ஸிலேயே இருக்கிறது. நடுவுக்கு இழுத்த காட்சிகளை மறுபடி ஓட்டி அதைப் பயன்படுத்தலாம். ஓர் அணுவின் அழுத்தப் பங்கை அந்த அணு இருக்கும் அடுக்கிலேயே கொட்டிவிடும் குறுக்கு வழியும் உண்டு. சமதளத்தில் அது பரவாயில்லை. சரிவில் தவறாகக் காட்டும்.

ஆரத் திசை அழுத்தம் நடுவில் ஏறக்குறைய 0.12, வெளியே 0.007. இந்த இறக்கத்தின் சாய்வை ஒவ்வோர் அடுக்கிலும் எடுத்து, ஆரத்தின் மும்மடியாலும் அடுக்கின் தடிமனாலும் பெருக்கி, எல்லா அடுக்குகளுக்கும் கூட்டுங்கள். அதை அழுத்த வித்தியாசத்தின் இருமடியால் பெருக்கி எட்டால் வகுத்து, எதிர்க்குறியை நீக்கிக் கனமூலம் எடுத்தால் இழுவிசை. அதை இரண்டால் பெருக்கி அழுத்த வித்தியாசத்தால் வகுத்தால் இழுவிசைப் பரப்பின் ஆரம். 1984-இல் தாம்சனும் கபின்ஸும் அவர்களுடைய கூட்டாளிகளும் லெனார்டு-ஜோன்ஸ் துளிகளுக்குக் கையாண்ட வழி இதுதான்.

இப்போது நடு அடுக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அரை சிக்மா ஆரமுள்ள நடுக் கோளத்தின் கன அளவு 0.52. அதில் சராசரியாக 0.4 அணு. அதாவது, பாதிக்கு மேற்பட்ட காட்சிகளில் அங்கே ஒன்றுமே இல்லை! அந்த அடுக்கின் அழுத்தம் ஆடும் ஆட்டத்தைத் துளியின் அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவிலிருந்து 6 சிக்மா வரை உள்ள சமதளம் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி எடுங்கள். எழுநூறு அணுக்கள் சாட்சி சொல்லும்.

எவ்வளவு நம்பலாம்

நம் துளியில் அழுத்த வித்தியாசம் 0.117 வரவேண்டும். திரவ அழுத்தத்தை அளப்பதில் 0.005 பிழை என்றால் இழுவிசையில் நான்கு சதவீதம் போய்விட்டது. டால்மன் விளைவோ இந்த ஆரத்தில் இரண்டு சதவீதம்தான். ஓர் இரவு ஓட்டத்தை வைத்துக்கொண்டு டால்மன் நீளத்தின் குறியைச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் பிழைக்கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்த காட்சிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் வெறும் திட்ட விலக்கத்திலிருந்து போடும் கணக்கு பிழையைக் குறைத்துக் காட்டும். ஓட்டத்தைப் பெரிய பெரிய துண்டுகளாக்கித் துண்டுகளின் சராசரிகளுக்கு இடையே விலக்கம் பார்த்து, துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். துண்டைப் பெரிதாக்கிக்கொண்டே போய், அப்படி வரும் பிழை மேலும் ஏறாமல் நிற்கும் இடத்தை எடுங்கள்.

சிறிய துளியில் விளைவு பெரிதாகத் தெரியுமே என்று 4 சிக்மாவுக்கு இறங்குவதில் லாபமில்லை. சரிவு மூன்று சிக்மா என்றால் நடுவில் சமதளமே மிஞ்சாது. உள்ளே திரவ அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது.

எனக்குப் பிடித்த வழி, துளியை விட்டுவிட்டு ஆவியை விசாரிப்பது. வெளியே தட்டையாகக் கிடக்கும் ஆவியின் அடர்த்தியை வெகு துல்லியமாக அளக்கலாம். தட்டைப் படலத்தின் ஆவியோடு ஒப்பிட்டு விகிதம் எடுங்கள். நம் துளிக்கு 1.24 அளவில் வரும். அதன் இயல் மடக்கையைத் திரவ அடர்த்தியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினால் 0.12-ஐ ஒட்டிய அழுத்த வித்தியாசம் கிடைக்கும். ஆவியை இலட்சிய வாயுவாக எடுத்ததால் சிறு திருத்தம் பாக்கி இருக்கும். அழுத்த வழியும் ஆவி வழியும் பிழைக்கோட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்பதே உங்கள் நிரலுக்கு நல்ல சோதனை. இழுவிசையின் நுணுக்கத்துக்குப் போகும்போதுதான் இந்த இரு வழிகளும் பிரியும். பழைய அழுத்தவழிக் கணக்குகள் பலவற்றில் டால்மன் நீளம் நேர்க்குறியாக வந்தது. ஆவி வழியைப் போன்ற ஆற்றல் வழிக் கணக்குகளில் எதிர்க்குறியாக, ஏறத்தாழ 0.1 சிக்மா அளவில் வருகிறது. நான் பின்னதன் பக்கம்.

ஒரு துளியோடு நிற்காமல் மூன்று துளிகளாவது வார்த்துப் பாருங்கள். 7 சிக்மா ஆரத்துக்கு 1,270 அணுக்கள், பெட்டி 24. 10-க்கு 3,700, பெட்டி 36. 14-க்குப் பத்தாயிரம், பெட்டி 48. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் வெட்டுத் தூரம், வெப்பநிலை, எந்த ஆரம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். பெரிய துளியில் தொடங்குங்கள். அது ஓடி முடிப்பதற்குள் மற்ற இரண்டுக்கும் உள்ளீட்டுக் கோப்பு தயாராகிவிடும்.